விட்டுக்கொடுப்பது யார்?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடம். காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் எல்லோரும் நாட்டுப்பண் பாடுகிறார்கள். வரிசையில் மூன்று பேர் மட்டும் வாய் திறப்பதில்லை. மற்றவர்களோடு எழுந்து நேராக, அசையாமல் நிற்கிறார்கள். பாடி முடிந்ததும் வகுப்புக்குப் போகிறார்கள். மூவரும் உடன்பிறந்தவர்கள். ஒருவர் பத்தாம் வகுப்பு, ஒருவர் ஒன்பது, கடைக்குட்டி ஐந்து. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். தங்கள் கடவுளை நோக்கிய வழிபாடு தவிர வேறு எந்தச் சடங்கிலும் கலந்துகொள்ளக் கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. அதே பள்ளியில் முன்பு படித்த அக்காமாரும் அப்படித்தான் நின்றார்கள். ஆண்டுக்கணக்கில் அது யார் கண்ணையும் உறுத்தவில்லை.

1985 ஜூலையில் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் கண்ணை உறுத்தியது. பேரவையில் கேள்வி எழுப்பினார். விசாரிக்க ஆணையம் அமைந்தது. பிள்ளைகள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள், நாட்டுப்பண்ணுக்கு அவர்கள் அவமரியாதை செய்யவில்லை என்றே அந்த ஆணையமும் சொன்னது. ஆனாலும் கல்வித்துறைத் துணை ஆய்வாளர் உத்தரவிட, ஜூலை 26 அன்று தலைமையாசிரியை மூவரையும் பள்ளியை விட்டு நீக்கினார். தகப்பனார் போய்க் கேட்டபோது, தன் கையில் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார். உயர்நீதிமன்றத்தில் தனி நீதிபதி கைவிரித்தார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வும் கைவிரித்தது. 1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஓ. சின்னப்ப ரெட்டி, எம்.எம். தத் ஆகியோரின் அமர்வு அந்த நீக்கத்தை ரத்து செய்தது. பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று சட்ட மாணவர்கள் படிப்பது இதைத்தான்.

அந்தத் தீர்ப்பு காட்டிய காரணங்கள் எளிமையானவை. நாட்டுச் சின்னங்களை அவமதிப்பதைத் தடுக்க 1971-இல் வந்த சட்டம், நாட்டுப்பண் பாடுவதைத் தடுப்பவரையும் பாடும் கூட்டத்தில் குழப்பம் விளைவிப்பவரையும் தண்டிக்கிறது. மரியாதையாக எழுந்து நின்று மௌனமாக இருப்பவரை அது தொடவில்லை. கல்வித்துறையின் சுற்றறிக்கை சட்டம் ஆகாது. சட்டத்தின் துணையில்லாமல் ஒருவரின் அடிப்படை உரிமையில் கைவைக்க முடியாது. அடுத்த காரணம் இன்னும் முக்கியமானது. ஒரு நம்பிக்கை நீதிபதியின் அறிவுக்கு ஏற்றதாகப் படுகிறதா என்பது கேள்வியே இல்லை. அதை வைத்திருப்பவர் மனசாட்சிப்படி, உண்மையாக வைத்திருக்கிறாரா என்று மட்டும்தான் நீதிமன்றம் பார்க்க வேண்டும்.

தீர்ப்பு வருவதற்கு முந்தைய ஓராண்டைத்தான் நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். அந்தச் சங்கிலியில் கொடுமைக்காரர் என்று யாரையும் காட்ட முடியாது. உறுப்பினருக்கு நாட்டுப்பற்று, ஆய்வாளருக்கு மேலிடத்தின் நெருக்கடி, தலைமையாசிரியைக்கு உத்தரவு. ஒவ்வொருவரும் தம் அளவில் சுலபமான வழியைத் தேடினார்கள். சுலபமான வழி, எண்ணிக்கையில் குறைந்தவரையும் குரல் எழும்பாதவரையும் விட்டுக்கொடுக்கச் சொல்வதுதான். தனிமனித உரிமை, சமயப் பொறுமை, பொது ஒழுக்கம் இவை மூன்றும் மோதும் இடங்களில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, யாரை விட்டுக்கொடுக்கச் சொல்கிறோம் என்பது. நம் சமூகம் இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே அதற்கு விடை சொல்லப் பழகிவிட்டது என்பதே இந்தச் சொற்பொழிவின் வாதம்.

இதே பிரிவுப் பிள்ளைகள் அமெரிக்காவிலும் அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பள்ளியிலிருந்து விரட்டப்பட்டார்கள். பென்சில்வேனியாவின் மைனர்ஸ்வில் என்ற சுரங்க ஊரில் 1935-இல் இரு குழந்தைகள் கொடிக்கு வணக்கம் செய்ய மறுத்தார்கள். 1940-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பள்ளியின் பக்கம் நின்றது. தீர்ப்பைத் தொடர்ந்து பல ஊர்களில் யெகோவாவின் சாட்சிகளைக் கும்பல்கள் அடித்து நொறுக்கின. மூன்றே ஆண்டில், 1943 ஜூன் 14-இல், மேற்கு வர்ஜீனியா வழக்கில் அதே நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. அப்போது உலகப் போர் நடந்துகொண்டிருந்தது, நாட்டுப்பற்று உச்சத்தில் இருந்தது. அந்த நேரத்தில் இப்படி ஒரு திருத்தம் வந்தது சாதாரணக் காரியமல்ல. சின்னப்ப ரெட்டி தம் தீர்ப்பில் இந்த வழக்கையும் எடுத்தாண்டார்.

நம் அரசமைப்புச் சட்டம் இந்தச் சிக்கலை எதிர்பார்க்காமல் எழுதப்பட்டதல்ல. 25-ஆவது பிரிவு மனசாட்சிச் சுதந்திரத்தையும், ஒரு மதத்தைத் தழுவி, கடைப்பிடித்து, பரப்பும் உரிமையையும் எல்லா மனிதர்களுக்கும் சமமாகத் தருகிறது. ஆனால் பொது அமைதி, ஒழுக்கம், சுகாதாரம், மற்ற அடிப்படை உரிமைகள் ஆகியவற்றுக்கு உட்பட்டே தருகிறது. 26-ஆவது பிரிவு சமயக் குழுக்களுக்குத் தம் சமயக் காரியங்களைத் தாமே நடத்திக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. அங்கே பொது அமைதியும் ஒழுக்கமும் சுகாதாரமும் சொல்லப்பட்டிருக்கின்றன. மற்ற அடிப்படை உரிமைகள் சொல்லப்படவில்லை. இந்தச் சிறிய வேறுபாட்டுக்குள்தான் எழுபது ஆண்டு வழக்குகள் நடந்துகொண்டிருக்கின்றன. குழுவின் உரிமை எங்கே முடிகிறது? அந்தக் குழுவுக்குள் இருக்கும் ஒற்றை மனிதரின் உரிமை எங்கே தொடங்குகிறது?

1948 நவம்பர் 4 அன்று வரைவுச் சட்டத்தை அவையில் முன்வைத்துப் பேசிய அம்பேத்கர் இரண்டு செய்திகளைச் சொன்னார். அரசமைப்புக்குரிய ஒழுக்கம் இயல்பாக முளைக்கும் உணர்வல்ல, அதைப் பயிற்றுவித்துத்தான் வளர்க்க வேண்டும் என்பது ஒன்று. அதே உரையில், வரைவு கிராமத்தைக் கைவிட்டுத் தனிமனிதரை அடிப்படை அலகாகக் கொண்டதில் தமக்கு மகிழ்ச்சி என்றும் சொன்னார். முதல் கருத்தை இன்று எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். இரண்டாவதைத் தள்ளிவிட்டு முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. ஊரின் ஒழுக்கம் வேறு, அரசமைப்பின் ஒழுக்கம் வேறு என்று அவர் சொல்லக் காரணம், ஊரின் ஒழுக்கம் என்ற பெயரால் என்னென்ன நடந்தன என்பதை அவர் தம் உடம்பில் வாங்கித் தெரிந்துகொண்டவர் என்பதுதான்.

தமிழ்நாட்டில் ஊருக்குள் சிக்கல் என்றால் அரசு முதலில் கையில் எடுப்பது அமைதிப் பேச்சுவார்த்தை. கோட்டாட்சியர் அலுவலகத்தில் நீளமான மேசை. நடுவில் கோட்டாட்சியர், பக்கத்தில் வட்டாட்சியரும் டி.எஸ்.பி.யும். ஒரு பக்கம் ஊர்ப் பெரியவர்கள். வேன் பிடித்து வந்த அவர்களுடைய ஆட்கள் வெளியே வளாகத்தில் நிற்கிறார்கள். மறுபக்கம் நாலைந்து பேர். பேருந்து ஓட வேண்டும், கடை திறக்க வேண்டும், அடுத்த வாரம் திருவிழா முடிய வேண்டும் என்பது அதிகாரியின் கவலை. கடைசியில் தட்டச்சு செய்த நடவடிக்கைக் குறிப்பில் இரு தரப்பும் கையெழுத்துப் போடுகின்றன. இந்த மேசை எத்தனையோ வெட்டுக்குத்துகளைத் தடுத்திருக்கிறது; அதைக் குறைத்துப் பேசுவது நியாயமாகாது. ஆனால் அந்தக் குறிப்பில் உரிமை யாருடையது என்று ஒரு வரிகூட இருக்காது. யார் எதை விட்டுக்கொடுக்கச் சம்மதித்தார் என்பது மட்டும் இருக்கும்.

நாமக்கல்லில் 2015 ஜனவரி 12 அன்று அப்படி ஒரு மேசைக்கு முன் எழுத்தாளர் பெருமாள்முருகன் உட்கார வைக்கப்பட்டார். அவருடைய ‘மாதொருபாகன்’ வெளிவந்தது 2010-இல். குழந்தையில்லாத ஒரு தம்பதியின் துயரத்தைச் சொல்லும் நாவல். நான்கு ஆண்டு கழித்து, திருச்செங்கோட்டுத் திருவிழா பற்றிய அதன் பகுதி தங்கள் ஊரையும் பெண்களையும் இழிவுபடுத்துகிறது என்று எதிர்ப்பு கிளம்பியது. நூல் எரிக்கப்பட்டது, ஜனவரி 9-இல் திருச்செங்கோட்டில் கடையடைப்பு நடந்தது. மனம் புண்பட்டதாகச் சொன்னவர்களின் வருத்தம் பொய் என்று சொல்ல வேண்டியதில்லை. குலதெய்வத்தோடும் கோயிலோடும் பிணைந்து வாழ்கிறவர்களுக்கு அப்படி வலிக்கும். வலித்தவர் மறுத்து எழுதலாம், கூட்டம் போட்டுக் கண்டிக்கலாம், வழக்குத் தொடுக்கலாம். நடந்தது வேறு. மாவட்ட வருவாய் அலுவலரின் முன்னிலையில், நிபந்தனையற்ற மன்னிப்புக்கும் விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுவதற்கும் எழுத்தாளர் கையெழுத்திட்டார். எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்ற அவருடைய அறிவிப்பு அதற்குப் பின் வந்தது.

2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அமர்வு அந்த உடன்படிக்கை யாரையும் கட்டுப்படுத்தாது என்று சொன்னது. நூலுக்கு எதிரான வழக்குகளை ரத்து செய்தது. பிடிக்காத புத்தகத்தைப் படிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை என்பதை நினைவூட்டியது. அடுத்த மாதமே ‘கோழையின் பாடல்கள்’ வெளியானது.

வருத்தம் தருவது வேறொன்று. நாமக்கல் அதிகாரிகள் புதிதாகச் சட்டம் தேட வேண்டிய நிலையில் இல்லை. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ திரைப்பட வழக்கில் 1989-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியிருந்தது. இட ஒதுக்கீட்டை விமர்சித்த அந்தப் படம் ஓடினால் கலவரம் வரும் என்று தமிழ்நாடு அரசு வாதிட்டது. கலவர மிரட்டலைக் காரணம் காட்டிப் பேச்சுரிமையை அடக்கினால் அது மிரட்டியவரிடம் சரணடைவது ஆகும், பாதுகாப்புத் தருவதே அரசின் வேலை என்றது நீதிமன்றம். அந்தப் படத்தின் கருத்தை ஏற்காதவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். ஏற்காதவருக்கும் பயன்படும் தீர்ப்பு அது. நடிகை குஷ்பு மீது, திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி 2005-இல் சொன்ன கருத்துக்காகத் தொடுக்கப்பட்ட 23 வழக்குகளையும் 2010-இல் உச்ச நீதிமன்றம் தள்ளியது இதே வழியில்தான். பலருக்குப் பிடிக்காத கருத்து ஒழுக்கக்கேடாகத் தோன்றலாம், அதனாலேயே குற்றமாகிவிடாது.

எழுத்தும் சினிமாவும் படித்தவர்களின் கவலை என்று யாராவது நினைத்தால், விழுப்புரம் மாவட்டம் மேல்பாதிக்குப் போக வேண்டும். அங்குள்ள தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் 2023 ஏப்ரல் திருவிழாவின்போது நுழைந்த பட்டியல் சாதி இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். பல சுற்று அமைதிப் பேச்சுவார்த்தை நடந்தது. உடன்பாடு வரவில்லை. ஜூன் 7 அன்று கோட்டாட்சியர் கோயிலுக்குச் சீல் வைத்தார். 2024 மார்ச்சில் அன்றாடப் பூசைக்கு மட்டும் கதவு திறந்தது. பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. 2025 ஏப்ரலில்தான், உயர்நீதிமன்ற உத்தரவுக்குப் பின், காவல்துறைப் பாதுகாப்போடு பட்டியல் சாதி மக்கள் உள்ளே போய்க் கும்பிட்டார்கள்.

சீல் வைத்த உத்தரவு மேலோட்டமாகப் பார்த்தால் நடுநிலையானது: இரு தரப்புக்கும் கோயில் இல்லை. ஆனால் ஒரு தரப்பிடம் தீண்டாமையை ஒழித்த அரசமைப்பின் 17-ஆவது பிரிவும், 1947-இல் சென்னை மாகாணம் இயற்றிய ஆலயப் பிரவேசச் சட்டமும் இருந்தன. மறுதரப்பிடம் பழக்கம் மட்டும் இருந்தது. சட்டம் தந்ததைக் கேட்டவரையும் அதை மறுத்தவரையும் சமமாக நடத்தினால் மறுத்தவர்தான் ஜெயிக்கிறார். அவர் விரும்பியது நடந்துவிடுகிறது. உள்ளே வரக் கூடாதவர் என்று அவர் கருதியவர் உள்ளே வரவில்லை.

இதற்கு நேர்மாறான அதிகாரியும் இதே மண்ணில் இருந்திருக்கிறார். 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர், அதுவரை உள்ளே விடப்படாத சாதிகளைச் சேர்ந்த, பின்னாளில் அமைச்சரான கக்கன் உள்ளிட்டோருடன் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். அவர்களை வரவேற்று அழைத்துப் போனவர் கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு. பட்டர்கள் பூசை செய்ய மறுத்து ஒதுங்கியபோதும் கோயில் மூடிக் கிடக்க அவர் விடவில்லை. அப்போது 17-ஆவது பிரிவு கிடையாது. மாகாண அரசு அவசரமாகக் காப்புச் சட்டம் கொண்டுவந்துதான் அவர்களைக் காக்க வேண்டியிருந்தது. சட்டம் இல்லாத காலத்தில் ஒரு அதிகாரிக்கு இருந்த தெளிவு, சட்டம் வந்து முக்கால் நூற்றாண்டு கழிந்தபின் இல்லாமல் போனதை என்னவென்று சொல்வது?

சிறுபான்மை என்பது தேசத்தின் கணக்கில் மட்டும் தீர்மானமாவதில்லை. ஒரு தெருவில் பெரும்பான்மை, அடுத்த தெருவில் சிறுபான்மை. பெரம்பலூர் மாவட்டம் வி.களத்தூரில் முஸ்லிம்கள் அதிகம் வாழும் தெருக்கள் வழியாகக் கோயில் ஊர்வலம் போவதற்கு 2012 முதல் எதிர்ப்பு இருந்தது. 2021-இல் சென்னை உயர்நீதிமன்றம் அந்த எதிர்ப்பை ஏற்கவில்லை. ஒரு பகுதியில் ஒரு மதத்தவர் அதிகம் என்பதற்காக இன்னொரு மதத்தின் ஊர்வலத்தைத் தடுக்கலாம் என்றால், நாட்டின் பெரும்பாலான தெருக்களில் சிறுபான்மையினர் விழாவே எடுக்க முடியாது என்று சுட்டிக்காட்டியது. சாலை எல்லோருக்கும் பொது. நூற்றாண்டுக்கும் மேலாக சென்னை உயர்நீதிமன்றம் சொல்லிவரும் சட்டம்தான் இது. 1882-இல் சேலத்தில் மசூதி, ஊர்வலம் தொடர்பாக வெடித்த கலவரத்தை ஒட்டிய வழக்கிலும் அதைச் சொன்னது.

அப்படியானால் நம்பிக்கை எங்குமே விட்டுக்கொடுக்க வேண்டாமா? வேண்டும். அடுத்தவர் தலையில் சுமை இறங்கும் இடத்தில் விட்டுக்கொடுக்க வேண்டும். சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியில் ஒரு தேவாலயத்தின் ஒலிபெருக்கி பற்றி அக்கம்பக்கத்துக் குடியிருப்பு நலச்சங்கம் தொடுத்த வழக்கில், 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஒரு செய்தியைத் தெளிவாகச் சொன்னது: பிறர் அமைதியைக் கெடுத்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் விதிக்கவில்லை. அந்த ஆண்டு வந்த ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு கட்டின. கோயில், மசூதி, தேவாலயம், கட்சிக் கூட்டம், கல்யாண மண்டபம் எல்லாவற்றுக்கும் ஒரே வரம்பு. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் நோயில் படுத்திருக்கும் முதியவரும் அந்தச் சத்தத்திலிருந்து எழுந்து போக முடியாது. கோட்டயத்துப் பிள்ளைகளின் மௌனமோ யார் தலையிலும் எந்தச் சுமையையும் ஏற்றவில்லை. நாவலை மூடிவைக்க முடியும். படத்துக்குப் போகாமல் இருக்க முடியும். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதிச் சண்டைகளுக்கு அந்த மேசையிலேயே விடை கிடைத்துவிடும்.

மீதிப் பாதி கடினமானது. அது குழுவுக்குள்ளேயே நடக்கும் சண்டை. பம்பாய் மாகாணம் 1949-இல் சமய விலக்கத்தைத் தடை செய்து ஒரு சட்டம் இயற்றியது. தாவூதி போரா முஸ்லிம்களின் சமயத் தலைவர் அதை எதிர்த்து வழக்காடினார். விலக்கப்பட்டவருக்கு மசூதியும் இல்லை, அடக்கம் செய்ய இடமும் இல்லை. 1962-இல் உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் சட்டத்தைச் செல்லாததாக்கியது. விலக்கும் அதிகாரம் அந்தச் சமயத்தின் பகுதி என்றது. மாறுபட்டவர் தலைமை நீதிபதி பி.பி. சின்ஹா. விலக்கப்பட்டவர் தன் சமூகத்திலேயே தீண்டத்தகாதவர் போல ஆகிவிடுகிறார் என்பதே அவர் கவலை. பெரும்பான்மைத் தீர்ப்பு சமயப் பொறுமையைக் காத்தது உண்மை. அதற்கான விலையை, கேள்வி கேட்டதற்காக வெளியேற்றப்பட்ட போரா கொடுத்தார். 2023 பிப்ரவரியில் இந்தக் கேள்வி ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. சின்ஹா பக்கம்தான் நியாயம் இருக்கிறது என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. ஒரு மதத்துக்கு நாடு காட்டும் பொறுமை, அந்த மதத்தின் மடியில் பிறந்தவரை அதன் தலைமையிடம் ஒப்படைத்துவிடும் அனுமதியாக மாறக் கூடாது.

ஊர், சாதி, மதம், குடும்ப மானம் எல்லாம் ஒன்றுகூடி ஒற்றை மனிதரை நெருக்கும் இடம் திருமணம். இதில் தமிழ்நாட்டுக்குப் பெருமைப்பட ஒரு வரலாறு உண்டு. புரோகிதரும் சடங்கும் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணங்கள் செல்லாது என்று 1950-களில் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னபோது, ஆயிரக்கணக்கான தம்பதியர் சட்டத்தின் கண்ணில் மணமாகாதவர்கள் ஆனார்கள். 1967-இல் அண்ணாவின் அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, முன்பு நடந்தவற்றையும் சேர்த்துச் செல்லுபடியாக்கியது. சடங்கை விரும்பியவருக்குச் சடங்கு அப்படியே இருந்தது. வேண்டாதவருக்கு ஒரு மாலையோ மோதிரமோ தாலியோ போதும் என்றானது. 2014-இல் சென்னை உயர்நீதிமன்றம், வழக்கறிஞர் அலுவலகங்களில் ரகசியமாக நடக்கும் இத்தகைய திருமணங்கள் செல்லாது என்றது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தியது. குடும்பத்தின் எதிர்ப்புக்கு அஞ்சி மணக்கிறவர்களை ஊரறியச் செய் என்று கட்டாயப்படுத்துவது அவர்கள் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பது அதன் காரணம்.

உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்துக்கு அருகே 2016 மார்ச்சில் பட்டப்பகலில் சாதி கடந்து மணந்த ஒரு இளம் கணவர் வெட்டிக் கொல்லப்பட்டதைப் பார்த்த நாட்டில் இந்தக் காரணத்தை விளக்கத் தேவையில்லை.

ஆனால் மணமக்கள் வேறு வேறு மதத்தவர் என்றால், மதம் மாறாமல் மணக்க 7-ஏ உதவாது. அவர்களுக்குப் பொதுவாக இருப்பது 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். அதன்படி பதிவாளரிடம் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். பெயர், வயது, தொழில், முகவரி எல்லாம் உள்ள அந்தத் தாள் அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டப்படும். 30 நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் யார் வேண்டுமானாலும் வந்து ஆட்சேபம் எழுதலாம். இந்துத் திருமணச் சட்டத்தின்படி மணப்பவர்களிடம் அந்தச் சட்டம் இதைக் கேட்பதில்லை. மனசாட்சிப்படி தத்தம் மதத்திலேயே இருந்துகொண்டு, பிறர் மதத்தையும் மதித்து மணக்க விரும்பும் இருவர்தான் சமயப் பொறுமையை வாழ்ந்து காட்டுகிறவர்கள். அவர்களுடைய வீட்டு முகவரியைத்தான் அரசு ஒட்டிவைக்கிறது. 2018 மார்ச்சில் சக்தி வாஹினி வழக்கில், சாதி மதம் கடந்து மணப்பவர்களைக் காக்க மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும் பாதுகாப்பு இல்லமும் வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். ஒரு கையால் காப்பு இல்லம் கட்டச் சொல்லிவிட்டு, மறு கையால் முகவரியைக் காட்டிக்கொடுக்க முடியாது.

2021 ஜனவரியில் அலகாபாத் உயர்நீதிமன்றம், மணமக்கள் எழுதிக் கேட்டால் ஒழிய அறிவிப்பை ஒட்ட வேண்டாம் என்று தீர்ப்பளித்தது. அது உத்தரப் பிரதேசத்துக்கானது. திருமணம் பொதுப் பட்டியலில் இருக்கும் பொருள். மாநிலச் சட்டமன்றம் ஒரு திருத்தம் நிறைவேற்றிக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்கு அனுப்பலாம். 1967-இல் தமிழ்நாடு தேர்ந்த வழி அதுதான். 1954 சட்டத்தின் 5, 6, 7 ஆகிய பிரிவுகளுக்கும் அதே வழி திறந்திருக்கிறது. ஆட்சேபத்துக்கான காரணங்களைப் பதிவாளரே ஆவணங்களைக் கொண்டு சரிபார்க்கலாம்: வயது, முந்தைய மணம், தடை செய்யப்பட்ட உறவு. அதற்கு ஊரைக் கூப்பிடத் தேவையில்லை.